கத்திரி வெயிலைக் குடித்த பூனைக்குட்டி

கத்திரி பிறந்த பதினோராம் நாள், சனிக்கிழமை காலையில், வேலூரில் எங்கள் முத்திரைக்காரத் தெருவில் மட்டும் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு நடுவில் குறுக்கே வரக்கூடாது. என் வீட்டுக்காரி சுலோச்சனா தலைக்கு வைக்கலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தாள், வரவில்லை, குண்டியில் தட்டினாள், வரவில்லை, மார்கழியில் செய்வதுபோல ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டே, "ஏங்க, எண்ண கட்டிக்கினு கீது" என்றாள், நானும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "வெந்நியில வையி" என்றேன். அது மே மாதம் என்பது காப்பி குடித்து முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

என் பெயர் எத்திராஜ், தொழில் ஏ.சி. ரிப்பேர். கத்திரி வந்துவிட்டால் சோறு தின்ன நேரம் இருக்காது, ஒரு வீட்டில் ஸ்குரூவைக் கழற்றும்போதே இன்னொரு வீட்டுக்காரர் போனில் திட்ட ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை. இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் மத்தியானம் படுத்தால் புரட்டிப் போட ஆள் தேவைப்படும். அதனால் எங்கள் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அதற்கு ஒரே பெயர், சூடு. கண் சிவந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, பரீட்சையில் பெயிலானால் மண்டையில் ஏறிய சூடு, புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால்கூட இரண்டு பேருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்துத்தான் பேச்சுவார்த்தையை ஆரம்பிப்போம். நாங்கள் செய்த தப்பு இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் தெரு நடுவில் புங்கமரத்தடியில் பச்சையம்மாக்காவின் இஸ்திரி வண்டி நிற்கும். கரி போட்டு ஊதுகிற பெரிய பித்தளைப் பெட்டி, ஐந்து கிலோ இருக்கும், அதைத் தூக்கித் தூக்கி அக்காவின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கிப்போயிருக்கும். வெயிலை எல்லோரும் ஒரு பங்கு வாங்கினால் அவள் இரண்டு பங்கு வாங்குகிறவள். அந்த வண்டிக்கு அடியில், பெட்டியிலிருந்து சாம்பலைக் கொட்டுகிற இடத்தில், நாலு வருஷமாக ஒரு சாம்பல் நிறப் பூனை குடியிருந்தது. வேலூர் வெயிலைப் பிடித்த ஒரே ஜீவன் அதுதான். கத்திரி மத்தியானத்தில் கணகணவென்று இருக்கிற சாம்பல்மேல் நாலு காலையும் நீட்டிப் படுத்துத் தூங்கும், அக்கா தண்ணீர் தெளித்தால் கோபித்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மெயின் ரோட்டில் ஒரு லோடு ஆட்டோ அந்தப் பூனையை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. அக்காதான் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் வண்டியின் கீழ்த்தட்டில், யாரும் திரும்ப வாங்காத துணிமூட்டைக்குள், மூன்று வாரக் குட்டி ஒன்று கிடந்தது, உள்ளங்கையில் அடங்குகிற குட்டி, மற்ற இரண்டை யாரோ வளர்க்க எடுத்துப்போன பிறகு மிச்சமிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அது துவண்டுபோயிருந்தது. கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது, பஞ்சில் பாலை நனைத்து வைத்தால் உறிஞ்சத் தெரியவில்லை, கழுத்துத் தோலைப் பிடித்து விட்டால் விட்ட இடத்திலேயே கூடாரம்போல நின்றது. அக்கா அதை முந்தானையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருக்கிறார், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்துவிடுவார், அப்போது கொண்டுவாங்க என்று உதவியாளர் சொன்னார். நாய் பூனைக்குத் தனியாகப் பார்க்கிற இன்னொரு டாக்டரும் அந்த வாரம் ஊரில் இல்லை. ஆக, திங்கட்கிழமை எட்டு மணி வரைக்கும் இந்தக் குட்டியின் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கா வண்டியைக்கூட விரிக்காமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

தெருவே வந்து பார்த்தது, பார்த்த உடனே தெருவே சொன்னது, சூடு. இதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருத்தி வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து எடுத்துவந்தாள், ஒருத்தி உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தாள், இங்க் ஃபில்லரில் இளநீர் வந்தது, மோர் வந்தது, நெற்றிக்குச் சந்தனம் வந்தது, ஈரத்துணியால் சுற்றிப் பானைத் தண்ணீருக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். தெரு நலச் சங்கச் செயலாளர் குணசீலன் சார், மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், முதுகெல்லாம் வேனல்கட்டி வந்து இருபது வருஷமாகக் கோடையில் குப்புறப் படுத்தே தூங்குகிறவர், அவர் என்னைப் பார்த்து, "ஏம்பா, நீ ஏசிக்காரன்தானே, சும்மா பாத்துக்கினு நிக்கிறியே" என்றார். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. கடையில் யாரோ விட்டுப்போன ஒரு டன் விண்டோ ஏ.சி. கிடந்தது. அதைத் தூக்கி வந்து, அக்கா வீட்டு மேற்குச் சுவரில் சதுரமாக ஓட்டை போட்டு, சாயங்காலத்துக்குள் மாட்டி, பதினெட்டில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஒற்றை அறை வீடு, அரை மணியில் ஜில்லென்று ஆகிவிட்டது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள்தான் எண்ணெய் உறைந்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். விடிகாலையிலேயே கரண்ட் போயிருந்தது, ஏ.சி. ஓடவில்லை, ஆனால் அறை ஊட்டிபோல இருந்தது. குட்டியின் கூடையைத் தூக்கி வாசலில் வைத்தேன், வாசல் இன்னும் அதிகமாகக் குளிர்ந்தது. புங்கமரத்தடிக்குக் கொண்டுபோனேன், மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து உடம்பைச் சுருட்டிப் படுத்தது. குட்டி போகிற இடத்துக்கெல்லாம் குளிரும் போகிறது என்று தெரிந்து திரும்ப உள்ளே வைத்தேன். பத்து மணிக்குக் குளிர் ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் இன்னொரு பக்கம் பிள்ளையார் கோவில் வரைக்கும் பரவியிருந்தது. டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் நாற்பத்து மூன்று டிகிரி, இந்தப் பக்கம் வாயைத் திறந்தால் புகை. ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்து நின்று பார்த்தோம், ஒரு கால் சுட்டது, ஒரு கால் விறைத்தது.

இதற்கெல்லாம் காரணம் கேட்கிற ஜனங்கள் இல்லை நாங்கள். வந்ததை விடக்கூடாது, அவ்வளவுதான். பதினொரு மணிக்குள் பரணிலிருந்து கம்பளிகள் இறங்கின, பெங்களூரில் மகன் வாங்கிக் கொடுத்து ஆறு வருஷமாகப் பிரிக்காத ஸ்வெட்டர்கள் பிரிந்தன, பிள்ளைகளுக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார்கள், ஐஸ் வண்டிக்காரர் தெருமுனைவரை வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார், அவர் நின்ற இடத்தில் பஜ்ஜிக்கடை முளைத்தது. பேக்கரி இக்பால் பாய் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அடுப்புக்கு முன்னால் சட்டை போட்டு நின்றார். காட்பாடியிலிருந்து சொந்தக்காரர்கள் பாயும் தலையணையுமாக வந்து இறங்கினார்கள், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமனார்கள்கூட வந்தார்கள். குணசீலன் சார் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தார், சாய்ந்து உட்கார முடிகிறது என்று ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் காட்டினார், சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. பக்கத்துத் தெருக்காரர்கள் நெருக்கித் தள்ளியதால் சங்கத்தின் சார்பில் அட்டையில் நம்பர் எழுதி டோக்கன் போட்டார், ஒரு டோக்கனுக்கு ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் உட்காரலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டோக்கன் தேவையில்லை. திருவிழாகூட எங்கள் தெருவில் அப்படி நடந்ததில்லை. நானும் மப்ளரைக் கட்டிக்கொண்டு, இதற்கெல்லாம் ஆரம்பம் என் ஏ.சி.தான் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரும் சர்வீசுக்குக் கூப்பிடவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஒருத்தி மட்டும் கொண்டாடவில்லை. பச்சையம்மாக்கா சனிக்கிழமை மத்தியானம் பெட்டியில் கரி போட்டு ஊதினாள், நெருப்பு பிடிக்கவில்லை. பிடித்தது அணைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றியும் அணைந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது, "எத்திராஜு, எல்லாரும் வந்து காத்து வாங்கினு போறாங்க, குட்டிய ஒருத்தரும் பாக்கல, அது கண்ணத் தொறக்கல" என்றாள். திங்கட்கிழமை டாக்டர் பார்ப்பார் அக்கா என்று சொல்லிவிட்டு நான் பஜ்ஜி தின்னப் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டம் போட்டார்கள். புங்கமரத்தடியில் அத்தனை பேரும் போர்வையோடு உட்கார்ந்திருந்தோம். குணசீலன் சார் எழுந்து, நாளைக்கு ஆஸ்பத்திரி போவதைக் கொஞ்சம் யோசிக்கலாம் என்றார். குட்டி மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறது, கத்திரி முடிய இன்னும் இரண்டு வாரம்தான், டாக்டர் ஊசியைப் போட்டு அது சரியாகிவிட்டால் இந்தக் குளிர் என்ன ஆவது என்று ரொம்பப் பக்குவமாகக் கேட்டார். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை, ஒருவரும் தப்பு என்றும் சொல்லவில்லை. பச்சையம்மாக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்கவில்லை, ஓட்டை போட்டவனைப் பார்த்தாள்.

கால்நடை ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜை நான்தான் ரிப்பேர் பார்ப்பேன், உதவியாளர் நம்பர் என்னிடம் உண்டு. அவரிடம் கெஞ்சி டாக்டர் பியூலாவின் நம்பரை வாங்கிப் போட்டேன். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார், நான் வெந்தயத்திலிருந்து ஏ.சி. வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், தெரு குளிர்ந்ததையும் சொன்னேன், அதை அவர் காதில் வாங்கிக்கொண்டாரா தெரியாது. கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யாராவது வாயில விரல் வெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன். இப்போது வையுங்கள், லைனில் இருக்கிறேன் என்றார். சுண்டுவிரலைத் துடைத்து அந்தக் குட்டி வாய்க்குள் மெதுவாக வைத்தேன். மார்கழி விடிகாலையில் தெருக்குழாயைத் தொட்டதுபோல இருந்தது. நான் விரலை வெடுக்கென்று இழுத்ததைப் பார்த்துக் கூட்டமே எழுந்து நின்றது.

சூடு இல்லை, குளிர்ந்துபோயிருக்கிறது, தாய் இல்லாத குட்டி தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளாது என்றார் டாக்டரம்மா. ஈரத்துணியை எடுங்க, முதலில் சூடு, மெதுவாக, ஒரே அடியாக வேண்டாம், வாய் வெதுவெதுப்பாகிற வரைக்கும் ஒரு சொட்டும் உள்ளே ஊற்றாதீங்க, அதற்குப் பிறகு குளுக்கோஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, குப்புற வைத்துத்தான் கொடுக்கணும், மாட்டுப்பால் வேண்டாம், மனுஷங்க போடுகிற காய்ச்சல் மாத்திரை வேண்டவே வேண்டாம், உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைங்க, நாளைக்கு எட்டு மணிக்கு நான் இருப்பேன் என்றார். போனை வைத்துவிட்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இருபது வருஷமாகக் கஸ்டமர்களுக்கு ஒரே பாடத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது எனக்கு. குளிர் என்று ஒரு சாமானே கிடையாது, ஏ.சி. செய்வதெல்லாம் உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான் என்று. அப்படிப்பட்டவன், தெருச்சூட்டை முழுக்க அள்ளுகிற இந்தக் குட்டி அதை எங்கே கொட்டுகிறது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? அது எங்கேயும் கொட்டவில்லை. தனக்குத்தான் இழுத்துக்கொண்டிருந்தது, கத்திரி வெயில் முழுசும் அதற்குப் போதவில்லை.

குணசீலன் சார் மெதுவாக இன்னொரு தடவை, இரண்டே இரண்டு வாரம் என்று ஆரம்பித்தார். பச்சையம்மாக்கா எழுந்தாள். கத்தவில்லை, கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"அதுக்குக் குளுருது சார்."

சார் முன்னால் நடந்தார். அக்காவிடம் வந்து, கைகளைப் போர்வையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, குட்டியின் வாயோரத்தில் ஒரு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போர்வையை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, என்ன செய்யணும் சொல்லு எத்திராஜ் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை காலெல்லாம் பரபரவென்று இருக்கிறது. முதலில் ஏ.சி.யைப் பிளக்கிலிருந்து பிடுங்கினேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம், பத்து எண்ணுவதற்குள் ஆறிப்போனது. இக்பால் பாய் பேக்கரி அடுப்பிலிருந்து செங்கல்லைச் சாக்கில் சுற்றி ஓடிவந்தார், பாதித் தெரு தாண்டும்போதே செங்கல் பச்சைத்தண்ணீர். குட்டியையே வெயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனோம், மெயின் ரோடு குளிர்ந்தது, பஸ்ஸில் போனவர்கள் கண்ணாடியை ஏற்றினார்கள், குட்டி அப்படியேதான் கிடந்தது. தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். என்ன சூடு வைத்தாலும் வழியிலேயே தீர்ந்துபோகிறது, பைப் ஓட்டையாக இருக்கிற மெஷினில் கேஸ் நிரப்புவதுபோல. எனக்கு மூளை வேலை செய்யவில்லை. அப்போது பச்சையம்மாக்கா குட்டியை எடுத்து ரவிக்கைக்குள் நெஞ்சோடு ஒட்டிவைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். முப்பது வருஷம் கரிப்பெட்டிக்கு முன்னால் நின்ற உடம்பு. எண்பது எண்ணினேன், தொண்ணூறு எண்ணினேன், அக்காவின் உதடு நீலமானது, பல் கிடுகிடுவென்று அடித்தது, நூறாவது எண்ணும்போது, "காத ஆட்டுச்சு" என்றாள்.

ஆக, பாட்டில் சூடு போய்ச் சேராது, செங்கல் சூடு போய்ச் சேராது, உடம்புச் சூடு மட்டும் போய்ச் சேரும். ஒரு உடம்பு நூறு எண்ணுகிற வரைக்கும்தான் தாங்கும். எங்களிடம் எத்தனை உடம்பு இருக்கிறது! குணசீலன் சார் டோக்கன் அட்டைகளை எடுத்தார், நேற்றுக் குளிரில் உட்காரப் போட்ட அதே டோக்கன், இன்றைக்கு வெயிலில் நிற்க. முதல் நம்பரைத் தானே எடுத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றி, வேனல்கட்டி ஆறிவந்த அந்த முதுகை டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் உச்சி வெயிலில் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தெருவே போய் நின்றது.

சொல்லுங்கள், பிறந்ததிலிருந்து வெயிலுக்குப் பயந்து சுவரோரமாகவே நடக்கிற ஜனங்கள், ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, வேண்டுமென்றே, குடை இல்லாமல், துண்டு இல்லாமல், தாரில் செருப்பு ஒட்ட வரிசையில் நின்று வெயில் வாங்கியதை வேறெங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நன்றாகச் சுட்ட பிறகு ஒருவர் ஓடுவார், குட்டியை வாங்கி நெஞ்சில் வைப்பார், பிள்ளைகள் சுற்றி நின்று நூறு எண்ணுவார்கள், நூறு என்றதும் அடுத்த ஆள், விறைத்துப்போன பழைய ஆள் திரும்ப வெயிலுக்கு ஓடுவார். டீக்கடை பாய்லர்காரர் வந்தார், வெல்டிங் பட்டறை ஆட்கள் வந்தார்கள், காட்பாடி மாமனார்களும் வந்தார்கள், இவ்வளவு நாள் பேசாததற்கும் சேர்த்து இருநூறு எண்ணும்வரை வைத்திருந்தார் ஒருவர், பிடித்து வாங்க வேண்டியதாகிவிட்டது. சுலோச்சனா தன் முறை வந்தபோது பேய்போல ஓடினாள், கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. இக்பால் பாய் அடுப்புக்கு முன்னால் நின்று சுட்டுக்கொண்டு வந்ததால், அவர் வைத்திருந்தபோது மட்டும் குட்டி ஒரு தடவை கொட்டாவி விட்டது, அதற்காக அவர் அன்றைக்குப் பூராவும் எல்லோரையும் மிதப்பாகப் பார்த்தார். மூன்று மணிக்கு டிரான்ஸ்பார்மரிடம் இருந்த குளிர் இக்பால் பாய் கடைக்குப் பின்வாங்கியது. நாலரைக்கு வாய் வெதுவெதுவென்று இருந்தது. அக்கா குட்டியைக் குப்புற வைத்து இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டு குளுக்கோஸ் தண்ணீரை உதட்டோரத்தில் வைத்தாள். நாக்கு வந்தது. அரிசிமணி அளவு ரோஸ் நாக்கு, வந்தது, நக்கியது, போனது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

வெயில் இறங்கிய பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கள் மொட்டை மாடிகளைத் திறந்துவிட்டார்கள். பகலெல்லாம் காய்ந்த தரையில் முதுகு வைத்துப் படுத்துச் சூடு ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஆள் மாறி ஆள் இறங்கிவந்தோம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குளிர் அக்கா வீட்டு அறைக்குள் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டர். நடந்து தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிஷம், அந்தப் பத்து நிமிஷத்தையும் நாங்கள் ஒரே உடம்பிடம் விடத் தயாராக இல்லை. தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் காலை வெயில் விழுகிற பக்கமாகவே ஆள் நின்றோம், ஒருவர் நெஞ்சிலிருந்து இன்னொருவர் நெஞ்சுக்கு, பத்துப் பத்தடியாகக் குட்டி நகர்ந்தது, பச்சையம்மாக்கா மட்டும் அதற்கு இணையாக ரோட்டில் ஓடிக்கொண்டே வந்தாள், இறங்கிய தோளோடு. கேட்டில் கடைசி ஆளாக நான் நின்றிருந்தேன். எனக்கு வந்தபோது அது என் சட்டைப் பொத்தானைக் கால் நகத்தால் கீறியது.

டாக்டர் பியூலா கல்யாண மருதாணி அழியாத கையோடு உட்கார்ந்திருந்தார். தெர்மாமீட்டரை வைத்தார், காத்திருந்தார், வெளியே ஜன்னல் பூராவும் முகங்கள். "தொண்ணூத்தொம்பது" என்றார், இன்னும் ஒரு டிகிரி ஏறினால் போதும், பிழைத்துவிடும் என்றார். தோலுக்கடியில் மெதுவாகத் தண்ணீர் ஏற்றினார், கண்ணுக்கு மருந்து விட்டார், ஒரு ஊசி போட்டார். ஊசி இறங்கியதும் குட்டி வாயைத் திறந்து, பிறந்ததிலிருந்து வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஒரு கத்து கத்தியது. ஒட்டியிருந்த இமை பிரிந்தது.

அப்போதுதான், ஜன்னலுக்கு வெளியே நின்ற குணசீலன் சாரின் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சொட்டு வேர்வை இறங்கிக் கழுத்துக்கு வந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், விரலைத் தூக்கி எங்களுக்குக் காட்டினார்.

"வேர்க்குது" என்றார்.

எல்லோருக்கும் வேர்த்தது. உச்சி வெயிலில் நின்றபோதுகூட வராத மூன்று நாள் வேர்வை சேர்த்துவைத்து வந்தது, நெற்றியில் வந்தது, முதுகில் வந்தது, புடவை நனைந்தது, சட்டை ஒட்டியது, நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அந்த வேர்வையிலேயே குதித்தோம், வேலூர் வெயிலை நாங்கள் கொண்டாடியது அன்றைக்கு ஒரு நாள்தான். திரும்பி வந்தபோது தெரு கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் எண்ணெய் பாட்டில் தண்ணீர்போல ஆடியது. காட்பாடி சொந்தக்காரர்கள் பாயைச் சுருட்டினார்கள், பஜ்ஜிக்கடை போன இடத்தில் ஐஸ் வண்டி நின்றது. குணசீலன் சார் அன்றைக்கே குப்புறப் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அக்கா பெட்டியில் கரி போட்டு ஒரே ஊது ஊதினாள், பிடித்துக்கொண்டது. என் போன் அடித்தது, எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே திட்டு, கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, வேலையெல்லாம் ஓரளவு குறைந்த பிறகு, அக்கா வீட்டு ஏ.சி.யைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். சுவரில் சதுர ஓட்டை மேற்கே பார்த்தபடி நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு உறுத்தியது. அந்த ஓட்டை வழியாகத்தான் நான் ஒரு குட்டியைக் கொல்லப் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் சிமெண்டும் நாலு செங்கல்லும் கரண்டியும் எடுத்துக்கொண்டு அடைக்கப் போனேன். வெயில் சுள்ளென்று அந்த ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. குட்டி அதற்குள், சரியாக அந்தச் சதுரத்துக்குள், நாலு காலையும் நீட்டி, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு தூங்கியது. நான் சிமெண்ட் சட்டியைக் கீழே வைத்த சத்தத்துக்கு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது.

அக்கா வண்டியில் துணி தேய்த்துக்கொண்டே, "அத அப்பிடியே உடு எத்திராஜு" என்றாள்.

குட்டியின் வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தேன், சுட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் வழிந்த வேர்வையைத் துடைக்காமல், வெயிலிலேயே நடந்து கடைக்குப் போனேன்.